பிரித்தேஸ் மகள் கிதேரியா

தோரெசர்சாவில் கிதேரியாவைப் பிடிக்காதவர்கள்தான் அதிகம். முகத்துக்கு நேரே 'பெரிய வீட்டு கிதேரியா' என்பார்கள். அவள் முதுகைக் காட்டினால் 'தளபதி ஆற்றங்கரையில் போட்ட குட்டி' என்பார்கள். இரண்டும் அவள் காதுக்கு வரும். அவளும் கேட்டுக்கொண்டு சும்மா போகிறவள் இல்லை. சந்தையில் எவளாவது முணுமுணுத்தால் அங்கேயே நின்றுவிடுவாள். "உரக்கச் சொல்லுடி. உன் புருஷனும் கேக்கட்டும். அவன் இன்னிக்கு எந்த வீட்டுல இருக்கானோ, அதுவரைக்கும் கேக்குற மாதிரி சொல்லு." அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அந்தத் தளபதி தோன் பெல்த்ரான் தே அல்மொரால். ஃபிளாண்டர்ஸ் போர்களில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, மடங்காத ஒரு முழங்காலோடு ஊர் திரும்பியவர். மனைவியிடமும் பாதிரியாரிடமும்கூடக் காவல்காரனிடம் பேசுகிற தொனியில்தான் பேசுவார். ஒலிவத் தோப்பு, ஆற்றோரத்து மாவு ஆலை, பன்றிகள் மேயும் கருவாலி மரக் காடு என்று எல்லாம் இருந்தது. பிள்ளை மட்டும் இல்லை.

அந்த நாளில் ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் ஒரே ராஜா. தோரெசர்சா ஸ்பெயின் கரையில்; நடுவில் ஓடிய ஆறு வெறும் ஆறுதான். ஒலிவ அறுப்புக்கு அக்கரையிலிருந்து பெண்கள் கூட்டமாக வருவார்கள். காய் பறிப்பார்கள், பெரிய வீட்டின் துணிகளைத் துவைப்பார்கள், குளிர் முற்றுவதற்குள் திரும்பிப் போவார்கள். பெடராச்சா கிராமத்து பிரித்தேஸ் அப்படி இரண்டு வருஷம் வந்தாள். மூன்றாம் வருஷம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தோப்பில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

தோன் பெல்த்ரானின் மனைவி தோன்யா மென்சியாவுக்கு ஒரு துறவி யோசனை சொன்னார். தகப்பன் இல்லாத பெண் குழந்தை ஒன்றை எடுத்து வளர்த்தால் மாதா மனம் இரங்கி மடியை நிறைப்பாளாம். "அதுக்கு வெளியே போய்த் தேடுவானேன்" என்றார் தோன் பெல்த்ரான். கோவேறு கழுதைக்காரன் ஒருவனை அக்கரைக்கு அனுப்பினார். அவன் நாலு வயதுக் குழந்தையைச் சேணத்தில் கட்டிக்கொண்டு வந்தான். தாய் தண்ணீர் வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்தாள் என்றும், இடுப்பளவு நீரில் நின்று கத்தினாள் என்றும் அவனே பல வருஷம் கழித்துக் குடிபோதையில் கிதேரியாவிடம் சொன்னான். சொல்லிவிட்டு, "நல்ல கழுதை அது, திரும்பியே பாக்கல" என்று சிரித்தான்.

இரண்டு வருஷம் கிதேரியா மாடியில் தோன்யா மென்சியாவின் பக்கத்து மெத்தையில் உட்கார்ந்தாள். வெள்ளைக் காலர் வைத்த கவுன், பாதாம் மிட்டாய். துறவி சொன்னது பலித்தது. மகன் பிறந்தான். தோன் லோப்பே என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் செய்த மறுநாள், இரண்டு வேலைக்காரர்கள் கிதேரியாவின் கட்டிலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு இறங்கினார்கள். கட்டில் தன்னோடு வருகிறது என்பதால் குழந்தைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மாடி ஏறியபோது படியில் நின்ற தோன்யா மென்சியா, "எங்கே வர்றே?" என்றாள்.

சமையல்காரி தோமாசா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "வாடி இங்க. மேல உன் வேலை முடிஞ்சிடுச்சு. அழுதீன்னா வெங்காயம் உரிக்க விட்டுடுவேன், அப்புறம் எதுக்கு அழறேன்னு உனக்கே தெரியாது."

வளர வளர அவளுக்கு அல்மொரால் வீட்டுத் தாடை முளைத்தது. கீழ்த் தாடை முன்னால் துருத்திக்கொண்டு, யாரையோ வம்புக்கு இழுப்பது போன்ற தாடை. தோன் பெல்த்ரானுக்கும் அதே தாடை, அவர் அப்பாவுக்கும் அதே. சட்டப்படி பிறந்த லோப்பேவுக்கும் தங்கை கசில்தாவுக்கும் அது வரவில்லை. விருந்தாளிகள் வந்தால் கிதேரியா முக்காட்டை வாய்க்குக் கீழே இழுத்துச் சுற்றிக்கொள்ள வேண்டும் என்பது தோன்யா மென்சியாவின் கட்டளை. வெயில் கொளுத்தும் ஆகஸ்டிலும் கம்பளித் துணியால் கன்னத்தைக் கட்டிக்கொண்டு அவள் ஒயின் ஊற்றுவாள். "பாவம், பல்வலியா?" என்று யாராவது கேட்டால், "பிறந்ததிலிருந்து" என்பாள் தோன்யா மென்சியா.

கிதேரியாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது போர்த்துகல்காரர்கள் தங்களுக்கென்று தனி ராஜா வைத்துக்கொண்டார்கள். ஆறு எல்லையானது. தோன் பெல்த்ரான் எல்லைத் தளபதியானார். பதினைந்து வருஷமாக வீட்டுக்குள் நொண்டிக்கொண்டு திரிந்த மனிதருக்கு, குதிரையில் ஏறி உட்கார்ந்ததும் இருபது வயது குறைந்துவிட்டது. சண்டை என்று பெயர். நடந்ததெல்லாம் மாடு பிடிப்பதும் ஊர் கொளுத்துவதும்தான். அவர்கள் வந்து இங்கே கொளுத்துவார்கள், இவர் போய் அங்கே கொளுத்துவார். தோரெசர்சாவில் பதினாறு வயதைத் தாண்டிய எல்லா ஆண்களின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, பெயர் வந்தவர்களைப் படைக்கு இழுத்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் பெரிய வீட்டுக் கதவில் துப்பிவிட்டுப் போவார்கள். அதைக் கழுவுவது கிதேரியாவின் வேலை.

அவளுடைய பதினெட்டாவது வயதில் ஒரு நாள் படை திரும்பி வந்தது. முற்றம் நிறைய அக்கரை மாடுகள், பன்றிகள், கூடவே பிடித்துவந்த நாலைந்து பெண்கள். வீரர்கள் பேசிக்கொண்டதில் 'பெடராச்சா' என்ற பெயர் அவள் காதில் விழுந்தது. கோழிக்கறித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பாட்டு மண்டபத்துக்குள் போனாள். மேசையைச் சுற்றி அதிகாரிகள். தட்டை வைத்தாள். முக்காட்டைத் தாடையிலிருந்து இறக்கினாள்.

"பிரபு, பெடராச்சாவுல பிரித்தேஸ்னு ஒருத்தி இருந்தாளே. அவ என்ன ஆனா?"

தோன் பெல்த்ரான் கோழிக்காலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்த பிரித்தேஸ்? அந்தப் பக்கம் ரெண்டு பொம்பளைக்கு ஒருத்தி பிரித்தேஸ்."

ஒரு இளம் அதிகாரி, "ஒவ்வொருத்தியா பேர் கேட்டுட்டுத்தான் தீ வெச்சோம்னு நெனைச்சியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தோன் பெல்த்ரான் சிரிக்கவில்லை. "உப்பு கொண்டா" என்றார்.

அவள் உப்பைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு முற்றத்துக்குப் போய் அந்தப் பெண்களிடம் விசாரித்தாள். குழந்தைப் பருவத்தில் கேட்ட மொழி மறந்துபோயிருந்தது. பாதி புரிந்தது, பாதி கையால் காட்டினார்கள். ஒரு கிழவி சொன்னாள்: "பிரித்தேஸ் வெளிய வந்துட்டா. பன்னியை அவுத்துவிட மறந்துட்டேன்னு திரும்ப உள்ளே போனா. கூரை விழுந்துடுச்சு. பன்னி வந்துடுச்சு, அவ வரல." கிழவி முற்றத்து மந்தையைப் பார்த்தாள். "அதுவும் இங்கதான் எங்கேயாவது நிக்கும்."

அந்தக் குளிர்காலத்தில் பன்றி அறுப்பு எப்போதும் போல நடந்தது. கறியில் உப்பும் பூண்டும் தடவிப் புகையில் தொங்கவிட்டார்கள். கிதேரியா ஒரு வாரம் கறியைத் தொடவில்லை. அப்புறம் பசித்தது. தின்றாள். தின்றதற்காக தோன் பெல்த்ரானை இன்னும் கூடுதலாக வெறுத்தாள்.

ஏன் ஓடிப்போகவில்லை என்று தோமாசாவே ஒரு தடவை கேட்டாள். "எங்க போறது?" என்றாள் கிதேரியா. "அக்கரைக்குப் போனா இவங்க ஆளுன்னு வெட்டுவாங்க. இங்க இருந்தா ஒண்ணு மட்டும் நடக்கும். அந்த ஆளு எப்படி முடியறார்னு பக்கத்துல நின்னு பாக்கலாம்."

இடையில் அவளைக் கட்டிக்கொள்ள ஒருவன் முன்வந்தான். கழுதைச் சேணம் தைக்கிற ஹினேஸ். அதிகம் பேசாதவன், கை நிறைய ஊசிக் காயம். முறைப்படி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தோன் பெல்த்ரானிடம் வந்து கேட்டான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "என் ரத்தம் சேணம் தைக்கிறவன் படுக்கைக்குப் போகாது" என்றார். கிதேரியா தன் மகள் என்று அந்த மனிதர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுத்த சீட்டுக் குலுக்கலில் ஹினேஸின் பெயர் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? மூன்று வருஷம் கழித்து இடது கையில் இரண்டு விரலோடு திரும்பி வந்து, மறுபடி ஊசியை எடுத்தான். இருவரும் சந்தையில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

அந்த வீட்டில் யாருக்கும் யாரையும் ஆகாது. கசில்தாவைப் பதினைந்து வயதில் பதாஹோஸ் நகரத்துக் கன்னியர் மடத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள்; சொத்து முழுக்க மகனுக்குப் போகவேண்டும் என்பதற்காக. போகும் நாளில் அவள் வண்டிச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாள். தோன் பெல்த்ரான் கீழே இறங்கி, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "இன்னியிலிருந்து நீ உலகத்துக்குச் செத்தவ. செத்தவங்க சத்தம் போடக்கூடாது." மாடி ஜன்னலில் நின்ற கிதேரியாவுக்கு அன்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தப் பெண் ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏ, கன்னக்கட்டு' என்றுதான் கூப்பிடுவாள்.

லோப்பே வேறு மாதிரி. திக்குவாய். குதிரையைக் கண்டால் முகம் வெளுக்கும். அப்பா கூப்பிட்டாலே வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். நின்றதும் அடி விழும். "சொல்லுடா! எதிரி வந்து நிக்கிறான், நீ கட்டளையைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெத்துடுவான்!" என்று கத்துவார். இருபத்தைந்து வயதில் அவனைப் படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைவனாக்கிப் பெரிய சண்டைக்கு அனுப்பினார். தன் பழைய பூட்ஸையே போட்டுக்கொண்டு போகச் சொன்னார். அன்று காலை லோப்பே சமையலறைக்கு இறங்கி வந்தான். "கி... கிதேரியா, இது எனக்குப் பெ... பெருசா இருக்கு. துணி வெச்சு அடைச்சுக் குடு." அவள் கிழிந்த மேசைத்துணியைச் சுருட்டி விரல் பக்கம் திணித்தாள். குனிந்தபடியே, "ஓடிடுங்க, துரை. ஆத்தைத் தாண்டினதும் எங்கேயாவது ஓடிடுங்க" என்றாள். அவன் சிரித்தான். "இந்த பூ... பூட்ஸ்லயா?"

ஒரு மாதம் கழித்து அவன் உடல் வண்டியில் வந்தது. பூட்ஸை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

தோன்யா மென்சியா படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கடைசி நாட்களில் அவளுக்குக் கஞ்சி ஊட்டியது, துடைத்தது, புரட்டிப் போட்டது எல்லாம் கிதேரியாதான். மகன் போன துக்கத்தில் மனசு இளகும், ஒரு வார்த்தை நல்லதாக வரும் என்று தோமாசா எதிர்பார்த்தாள். தோன்யா மென்சியா சாவதற்குக் கொஞ்சம் முன்னால் கண்ணைத் திறந்து கிதேரியாவைப் பார்த்தாள். "அந்தத் தாடையை மூடு" என்றாள். கிதேரியா மூடவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து காட்டினாள்.

வாரிசு இல்லாமல் போனால் சொத்து முழுக்க த்ருஹீயோ நகரத்தில் இருந்த பங்காளிக்குப் போகும். அந்தப் பங்காளியை தோன் பெல்த்ரான் போர்த்துகல்காரர்களைவிட அதிகமாக வெறுத்தார். ஆகவே மடத்துக்குப் போனார், கசில்தாவை மீட்டுக்கொண்டு வர. முழங்கால் ரொம்ப மோசமாகியிருந்ததால் தாங்கிப் பிடிக்க கிதேரியாவைக் கூட்டிக்கொண்டு போனார். இரும்புக் கம்பிக்குப் பின்னால் கறுப்புத் திரை. திரைக்குப் பின்னால் குரல் மட்டும்.

"உன் சபதத்தை ரத்து பண்ண பிஷப் சம்மதிச்சுட்டார். கிளம்பு. உனக்கு மாப்பிள்ளை பாத்திருக்கேன்."

"யாருக்கு?"

"உனக்குத்தான். வீட்டுக்கு வாரிசு வேணும்."

"எங்கப்பா என்னை இங்க கொண்டு வந்து விட்டப்பவே நான் செத்தாச்சு. செத்தவளுக்கு யார் மாப்பிள்ளை குடுக்கறது?" குரல் நிதானமாக இருந்தது. "கூட யாரு மூச்சு விடறா? கன்னக்கட்டா? அவளைக் கேளுங்க. உங்களுக்கு மிச்சமிருக்கறது அவதான்." பிறகு சிரிப்பு. திரைக்குப் பின்னால் ஒரு மரக்கதவு சாத்துகிற சத்தம். தோன் பெல்த்ரான் கைத்தடியால் கம்பியை அடித்தார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை.

வண்டியில் திரும்பினார்கள். தோரெசர்சாவின் மணிக்கூண்டு தெரிந்தபோது கிதேரியாவைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. குதிரை வாங்குகிறவன் பார்க்கிற பார்வை.

"உனக்கு வயசென்ன?"

"முப்பத்திரண்டு."

"இன்னும் பெத்துக்கலாம்" என்றார்.

அரசவையில் அவருக்கு இன்னும் செல்வாக்கு இருந்தது. இரண்டு வருஷம் அலைந்து, கிதேரியாவைச் சட்டப்படியான மகளாக ஏற்றுக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டார். மாப்பிள்ளையும் தயார், கிழப் பிரபு ஒருவர். பிறக்கிற பிள்ளைக்கு அல்மொரால் என்று பெயர் வைக்கச் சம்மதித்திருந்தார்.

கிதேரியா மறுக்கவில்லை. அதை இங்கே சொல்லியாகவேண்டும். தோன்யா மென்சியாவின் கறுப்புப் பட்டுக் கவுனை அவளுக்கு அளவெடுத்துத் தைத்தபோது, கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள். தன் பழைய மெத்தை இருந்த இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாள். "இந்த வீட்டுக்கு நான் எஜமானியானா முதல் வேலை என்ன தெரியுமா?" என்று தோமாசாவிடம் சொன்னாள். "அந்த ஆளைக் கட்டிலோட கீழே சமையலறைக்கு இறக்குவேன்."

"இறக்கு, இறக்கு" என்றாள் கிழவி தோமாசா. "நான்தான் அவர் குறட்டையைக் கேக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரிய மண்டபத்தில் எல்லாரும் கூடினார்கள். பாதிரியார், கிழ மாப்பிள்ளை, ஊர்ப் பெரியவர்கள் சிலர், சட்ட எழுத்தர். வாசலில் சனங்கள் எட்டிப்பார்த்தார்கள். ஹினேஸும் அவர்களில் ஒருவன். எழுத்தர் சத்தமாக வாசித்தார். தந்தை, தோன் பெல்த்ரான் தே அல்மொரால். தாய், உயர்குடியில் பிறந்த கன்னி, அவள் மானம் கருதிப் பெயர் சொல்லப்படவில்லை.

"யாரு அது?" என்றாள் கிதேரியா.

எழுத்தர் நிமிர்ந்தார். "வழக்கமா இப்படித்தான், தோன்யா. தாய் தாழ்ந்த இடம்னா பிள்ளைகளுக்குக் களங்கம். நீங்க ஆமான்னு மட்டும் சொன்னா போதும்."

தோன்யா! சீமாட்டிகளைக் கூப்பிடும் அந்தப் பட்டத்தால் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எங்கம்மா பேரு பிரித்தேஸ். துணி துவைச்சவ. அதை எழுதுங்க."

"வாயை மூடு" என்றார் தோன் பெல்த்ரான். "ஆமான்னு சொல்லு."

"அவளை எரிச்சீங்க. சரி, அது சண்டை. இப்ப அவ பிறக்கவே இல்லைன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றீங்களே, பிரபு."

"ஒரு வார்த்தைடி! ஒரு வார்த்தைக்கு இந்த வீடு, தோப்பு, ஆலை!"

கிதேரியா எழுத்தரைப் பார்த்தாள். "எழுதிக்கங்க. இவர் என் அப்பா இல்லை. எங்கம்மா யாரையும் எனக்குக் காட்டல. இவரை எனக்குத் தெரியும், இவர் வீட்டுல பாத்திரம் கழுவினேன், அவ்வளவுதான்."

தோன் பெல்த்ரான் தடியை ஓங்கிக்கொண்டு எழுந்தார். முழங்கால் மடங்காமல் மேசை மீது சாய்ந்தார். யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. பிடிக்கிறவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். "அந்த கவுனைக் கழட்டு! என் பெண்டாட்டி கவுனைக் கழட்டிட்டு வெளிய போ!"

கழற்றினாள். அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும். பட்டுக் கவுனை நாற்காலியில் போட்டுவிட்டு உள்சட்டையோடு படியிறங்கினாள். வாசலில் சனங்கள் விலகினார்கள். ஒருத்தி, "பைத்தியம், பைத்தியம்" என்று மார்பில் சிலுவை போட்டாள். ஹினேஸ் தன் மேலங்கியை அவிழ்த்து அவள் மீது போட்டான். "அவர் உன் அப்பா இல்லைன்னுட்டியே, இப்ப உன்னையே கேக்கலாமா?" என்றான். அவன் வாழ்நாளில் செய்த ஒரே வேடிக்கை அதுதான் என்று பிறகு அவளே சொல்வாள்.

பக்கத்து ஊர்க் கோவிலில் கல்யாணம் நடந்தது. ஒரு மகள் பிறந்தாள். ஹினேஸ் தைத்த சேணங்களுக்கு கிதேரியா வைக்கோல் அடைத்தாள். குளிர்காலத்தில் கருவாலிக் கொட்டை பொறுக்கினாள். ரொட்டி குறைந்த நாட்களில் சண்டை வரும். "மாளிகையை உதறிட்டு வந்த மகராசி, இந்தக் கொண்டைக்கடலை உனக்கு ஆகாதோ?" என்று ஹினேஸே சொல்லியிருக்கிறான். அவளும் பட்டுக் கவுனை நினைத்துக்கொண்ட நாட்கள் உண்டு. பெருந்தன்மையால் எதையும் உதறவில்லை அவள். அந்த மனிதர் ஆசைப்பட்டது அவருக்குக் கிடைக்கக்கூடாது, அதற்காகத்தான்.

கிடைக்கவும் இல்லை. ஐந்து வருஷம் தனியாக இருந்து செத்தார் தோன் பெல்த்ரான். கடைசியில் ஆள் அனுப்பினார். "வந்துட்டுப் போக மாட்டியா, ஒரு தடவை பாக்கணுமாம்" என்று தோமாசா கேட்டாள். "எந்த தோன் பெல்த்ரான்?" என்றாள் கிதேரியா. போகவில்லை. த்ருஹீயோ பங்காளி ஒருநாள் வந்து தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போனவன், திரும்பி வரவேயில்லை.

மறு வருஷம் சமாதானம் ஆனது. ஆற்றில் மறுபடி படகு விட்டார்கள். கிதேரியா அக்கரைக்குப் போனாள். பெடராச்சாவில் புதிதாகச் சில வீடுகள் எழும்பியிருந்தன. பிரித்தேஸின் சித்தி மகள் என்று ஒருத்தியைக் காட்டினார்கள். அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"எங்கேருந்து வர்றே?"

"தோரெசர்சா. பிரித்தேஸ் மக."

"அந்தக் கொளுத்தினவன் வீட்டுலயா வளந்தே?"

"ஆமா."

"எங்க மாட்டை அடிச்சுத் தின்னிருப்பே."

"தின்னேன்" என்றாள் கிதேரியா.

அந்தப் பெண் வாசலை விட்டு நகரவில்லை. உள்ளே வா என்று சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. கையை நீட்டிக் காட்டினாள். "அவ வீடு அங்க இருந்தது. போ. பாத்துட்டுப் போயிடு."

அங்கே வீடு இல்லை. அவரைக்கொடி படர்ந்திருந்தது. கிதேரியா வரப்பில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு ஆள் கத்தினான்: "ஏம்மா, கொடியை மிதிக்காதே! காய் பிடிச்சிருக்கு!"

கால்களைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள். கடைசிப் படகுக்குள் கரைக்கு வந்துவிட்டாள். வீட்டில் ஹினேஸ், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டான்.

"போகச் சொன்னாங்க" என்றாள். "இந்த வருஷம் அவங்களுக்கு அவரை நல்லா காய்ச்சிருக்கு." பிறகு உட்கார்ந்து, காலையில் பாதியில் விட்ட சேணத்துக்கு வைக்கோல் அடைக்க ஆரம்பித்தாள்.